முதல் வார்த்தையே ஃபார்மட்டா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியிலும், ஜெராக்ஸ் கடையின் பின்கட்டிலும், ரிச்சி தெருச் சந்துகளிலும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். பென்டியம் காலத்திலிருந்து இதே வேலையைப் பார்த்துவருகிறவன் என்கிற உரிமையில்.

வீட்டுக்காரர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய சிஸ்டத்தைக் கேபினெட்டோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறார். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி..." என்று ஆரம்பிக்கிறார். முடிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "வச்சுட்டுப் போங்க சார், ஃபார்மட் போட்டுடலாம். சாயங்காலம் வாங்க." கேபினெட்டைத் திறக்கவில்லை. பவர் கார்டுகூடச் சொருகவில்லை. அதற்குள் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஸ்டார்ட் ஆகாமலும் உள்ளே விடாமலும் தகராறு செய்கிற பழைய கணினிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவைப்பட்டதில்லை. சில கோளாறுகளுக்கு அது மருந்தே அல்ல. போட்ட மறுநாளே அதே ஆட்டோவில் திரும்பி வரும். சிலவற்றில் கெடுதலே அதனால்தான்.

முதலில் வந்தவர் பேசி முடிக்கட்டும். "ஆன் ஆகலை" என்று ஒரே வார்த்தையில்தான் சொல்வார். அதற்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றி உடனே நின்றுவிடுகிறதா? மானிட்டரில் ஏதாவது எழுத்து வருகிறதா? பீப் சத்தம் கேட்டதா? விண்டோஸ் படம் வந்து அதன்பிறகு நின்றதா? இதைக் கேட்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எங்கே நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபேனே சுற்றாத கணினிக்கு விண்டோஸ் கெட்டுப்போயிருக்கிறதா என்று யோசிப்பதில் அர்த்தமே இல்லை. விண்டோஸ் இருக்கிற ஹார்ட் டிஸ்க் வரைக்கும் கரண்டே போகவில்லை.

அசைவே இல்லை என்றால் சுவர் சுவிட்சிலிருந்து உள்நோக்கி வாருங்கள். வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும். அதை யாரும் மாற்றுவதில்லை. யூபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் சொருகினால் பல சிஸ்டங்கள் ஒன்றும் நடக்காததுபோல ஓட ஆரம்பிக்கும். அடுத்து முன்பக்கப் பட்டன். பிளாஸ்டிக் நைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். போர்டில் பவர் சுவிட்ச் ஒயர்கள் சொருகியிருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி பட்டன்தான். அதற்கும் அசையாவிட்டால் எஸ்எம்பிஎஸ். இருபத்துநாலு பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் அது தனியாகச் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டாலே நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். லோடு கொடுத்து மீட்டர் வைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். உள்ளே செத்துக் கருகிய பல்லி கிடந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், நம் ஊரில் அதுவும் ஒரு உதிரி பாகம்.

கொஞ்ச நேரம் ஓடி அணைந்துவிடுகிறதா? இன்டெலின் பழைய 775 சாக்கெட் போர்டுகளில் சிபியூ ஃபேனை நாலு பிளாஸ்டிக் முளைகள்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று தளர்ந்தால் போதும், ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சூடேறி சிஸ்டம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். விண்டோஸ் ஏற்றும்போது பாதியில் நின்றுபோனால் "ஓஎஸ் கரப்ட்" என்று எழுதிவிடுகிறோம். விரலை வைத்து முளைகளை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2000-களின் முதல் சில வருஷங்களில் வந்த போர்டுகளில் தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மட்டமான எலக்ட்ரோலைட்டால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் அப்படிப் போயின. பீப் அடித்துக்கொண்டே இருந்தால் ராமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய பல்வரிசையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது சிமாஸ் பேட்டரியைப் பற்றி. சிஆர் 2032 என்று பொறித்த, 3 வோல்ட் தருகிற காசு அளவு வில்லை. மெயின் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பதும் பயாஸ் செட்டிங்கை நினைவில் வைத்திருப்பதும் அது. அது தீர்ந்துபோனால் என்னவாகும்? தேதி பின்னால் போய்விடும், போர்டு பிறந்த வருஷத்து ஜனவரி முதல் தேதிக்கு. கறுப்புத் திரையில் "செக்சம் எரர், எஃப் 1 அழுத்து" என்று நிற்கும். எஃப் 1 அழுத்தினால் உள்ளே போகும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் வீட்டுக்காரர் தினமும் அழுத்திக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். அதற்குப் பிறகு வருவதுதான் வேடிக்கை. மெயில் திறக்காது, பேங்க் பக்கம் திறக்காது, "இணைப்பு பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரும். இணையதளத்தின் சான்றிதழ் இந்த வருஷத்துக்கானது, கணினியோ 2009-ல் நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லை என்று பிரவுசர் முடிவுசெய்துவிடுகிறது. வந்தவர் சொல்வதோ, "பாஸ்வேர்டு போட்டா உள்ள போகமாட்டேங்குது." நாம் எடுப்பது ஃபார்மட் பென்டிரைவ்.

இந்தக் கோளாறு கடையில் சிக்காது என்பது இன்னொரு கூத்து. கணினியை ஷட் டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போய்க்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலையே இல்லை. நம் கடை மேசையில் எப்போதும் சொருகிக் கிடப்பதால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடும். வீட்டிலோ, ராத்திரி படுக்கப்போகும்போது அம்மா சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். விடிந்தால் பழைய கதை. "கடையில நல்லா இருந்துச்சு, வீட்டுக்குப் போனா மக்கர் பண்ணுது" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ராத்திரி மெயினை அணைக்கிறீர்களா?

அதே வில்லை இன்னும் பெரிய வேஷமும் கட்டும். பயாஸ் தன் பழைய செட்டிங்கை மறந்து ஃபேக்டரி அமைப்புக்குத் திரும்பும்போது சாட்டா மோட் மாறிப்போகும், ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ ஆகும், அல்லது தலைகீழாக. விண்டோஸ் எந்த மோடில் போடப்பட்டதோ அதைத்தான் எதிர்பார்க்கும். விண்டோஸ் எட்டிப்பார்த்த கையோடு நீலத் திரை வரும், கீழே 7பி என்று முடிகிற ஒரு எண். பார்த்தவுடனே "விண்டோஸ் போச்சு" என்று தோன்றும். போகவில்லை. பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்றிப் பழையபடி வைத்தால் அடுத்த தடவை சத்தமில்லாமல் ஓடும். இதற்கு ஃபார்மட் போட்டு, டிரைவர் எல்லாம் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பி, பேட்டரியை மாற்றாமல் விட்டால், அடுத்த பவர் கட்டுக்கே அதே நீலத் திரை திரும்பி வரும்.

"என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங்", "பூட் மேனேஜர் மிஸ்ஸிங்" என்று வந்தால் முதலில் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பேரப்பிள்ளை சொருகிவிட்டுப் போன பென்டிரைவ் அங்கே இருக்கும். பூட் ஆர்டரில் யூஎஸ்பி முதலில் இருந்தால் கணினி அதில் விண்டோஸைத் தேடிவிட்டு, கிடைக்காமல் கைவிரிக்கிறது.

நம் மாநிலத்தில் இந்த வரிசையில் ஒரு தனி இனம் உண்டு. 2011-லிருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள். தொடக்க காலத்து மாடல்களில் விண்டோஸ் 7-ம் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட் ஆகும்போது எதற்குள் போகலாம் என்று கேட்பது லினக்ஸின் கிரப். "இது எதுக்கு வேஸ்ட்டா இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டவர்கள் ஏராளம். அழித்ததும் கிரப்புக்கு வீடில்லாமல் போய்விடுகிறது; "கிரப் ரெஸ்க்யூ" என்ற ஒற்றை வரியோடு திரை நிற்கும். அண்ணன் படித்த லேப்டாப், இப்போது தங்கை டைப்பிங் பழக எடுத்தால் இப்படி. விண்டோஸ் அதனிடத்தில் பத்திரமாகவே இருக்கிறது. விண்டோஸ் 7 டிவிடியையோ பென்டிரைவையோ போட்டு ரிப்பேருக்குள் போய், பூட் ரெக்கார்டை மட்டும் திருப்பி எழுதினால் முடிந்தது. அந்த லேப்டாப்பில் அவள் அண்ணனின் கல்லூரிக் காலம் முழுக்க இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் அவசரம் நல்லது, ஆனால் வேறு அவசரம். டக் டக் என்று சத்தம் வந்தாலோ, விண்டோஸ் ஏறக் கால்மணி நேரம் பிடித்தாலோ, கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். மாற்றி எழுதப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகிற டிஸ்கை மணிக்கணக்கில் படிக்கவைத்துக் கடைசி மூச்சையும் வாங்கிவிடும் அது. லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது ஒன்றை லைவ் பென்டிரைவில் போட்டு ஓட்டி, ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். பழுதுபார்ப்பதெல்லாம் அப்புறம்.

இனி உள்ளே நுழையவிடாத கதை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றிப் பல வருஷமாக எழுதிவந்தார். விண்டோஸ் 7. எல்லாம் டெஸ்க்டாப்பில். ஒரு நாள் காலை பாஸ்வேர்டு போட்டார். "டெஸ்க்டாப் தயாராகிறது" என்று கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு வெறும் நீலப் பின்னணி. குப்பைத் தொட்டிப் படம் ஒன்றுதான் மிச்சம். கோயிலும் இல்லை, வால்பேப்பரில் இருந்த பேத்தியும் இல்லை. பதறிப்போய், நினைவில் இருந்ததை அப்போதே உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்து சேமித்தார். ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டால் அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் "வைரஸ் தின்னுடுச்சு, ஃபார்மட்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அவர் இரண்டாவது கருத்துக் கேட்க வந்தார்.

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் குமிழி எழும்பி மறைந்தது: தற்காலிகப் புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. ராத்திரி கரண்ட் போய் புரொஃபைல் பாதியில் அறுந்ததால், விண்டோஸ் அவருடைய வீட்டைத் திறக்க முடியாமல் வெளியே ஒரு பந்தல் போட்டு அவரை உட்காரவைத்திருந்தது. அவர் எழுந்துபோனதும் பந்தலைப் பிரித்துவிடும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அவர் பெயரில் பழைய ஃபோல்டர், எல்லா ஃபைலும் அப்படியே. அதை முதலில் வெளி டிஸ்கில் நகலெடுத்தோம். பிறகு ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட். ஒரே நீளமான எண்ணில் இரண்டு சாவிகள், ஒன்றின் வாலில் பிஏகே. வால் இல்லாததுதான் போலி. பெயர்களை இடம் மாற்றி, ஸ்டேட் என்ற இடத்தில் பூஜ்ஜியம் வைத்து ரீஸ்டார்ட் செய்தோம். பேத்தி திரும்பி வந்தாள்.

அன்றைக்கு ஃபார்மட் போட்டிருந்தால்? "டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும் சார்" என்று நாம் சொல்வது வழக்கம். உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் இருப்பது சி டிரைவில் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கை முழுக்க டெஸ்க்டாப்பில்தான். அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு, நமக்கே அது மறந்துவிடுகிறது: எழுத்துரு. யூனிகோடுக்கு முன்னால் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த ஃபைல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் ஏராளமாகக் கிடக்கின்றன. ஃபைலைக் காப்பாற்றி, ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் துடைத்துவிட்டால், திரும்பத் திறக்கும்போது கோயில் வரலாறு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக்கிடக்கும். வைரஸ் என்று அதற்கும் பெயர் வைத்துவிடுவோம். ஃபார்மட் போட்டே ஆக வேண்டும் என்கிற நிலை வந்தாலும், சி டிரைவில் யூசர்ஸ், விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ், டாலி வைத்திருப்பவரென்றால் அதன் டேட்டா ஃபோல்டர் இத்தனையையும் எடுக்காமல் கைவைக்காதீர்கள்.

பாஸ்வேர்டு தப்பு என்று வருகிறவர்களிடம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேப்ஸ் லாக் ஒரு பக்கம். பழைய லேப்டாப்களில் நம்பர் லாக் விழுந்திருந்தால் ஜே, கே, எல் அடிக்கிற இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று விழும். தமிழ்க் கீபோர்டு சேர்த்திருந்தால் லாகின் திரையின் மூலையில் மொழி மாறிக் கிடக்கும். இவர் ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பது உள்ளே தமிழாகப் போகும், வெளியே எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளிதான். எக்ஸ்பி வீட்டுப் பதிப்பு இன்னும் வைத்திருப்பவர் வந்தால் சேஃப் மோடில் போங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அங்கே நிற்பார், பெரும்பாலும் பாஸ்வேர்டே இல்லாமல்.

பாஸ்வேர்டை அழிக்கும் பென்டிரைவ் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது, தெரியும். அதை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். கணினி யாருடையது என்று கேளுங்கள். கணவரின் லேப்டாப்பைத் தூக்கிவரும் மனைவியும், அக்காவின் லேப்டாப்பைத் தூக்கிவரும் தம்பியும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். விண்டோஸிலேயே என்க்ரிப்ட் செய்துவைத்த ஃபைல் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால் அந்த ஃபைல்களுக்கான சாவியும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இதில்தான். விண்டோஸ் 8-லிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. கடையில் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடியைத் தட்டி, நம் போன் நம்பரையே கொடுத்து, பின் நம்பர் ஒன்றை வைத்து அனுப்பிவிடுகிறோம். ரெண்டு வருஷம் கழித்து அந்தப் பின் மறந்துபோகிறது. மீட்புக் குறியீடு யாருக்குப் போகும்? வேலையை விட்டுப் போன பையனின் பழைய சிம்முக்கு. அந்தக் கணினி கொஞ்சம் புதியதாக இருந்து, பிட்லாக்கர் பூட்டு போட்டுக்கொண்டிருந்தால், பயாஸில் ஏதாவது மாறியதும் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி இருப்பதும் அதே கணக்கில்தான். அதன்பிறகு எந்தப் பென்டிரைவும் உதவாது. வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து அவருடைய மெயில், அவருடைய நம்பர் போடுங்கள். இல்லாவிட்டால் லோக்கல் கணக்கு போதும். எது போட்டாலும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. பழைய போர்டுகளில் டிபிஎம் 2.0 இல்லாததால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இனி உங்கள் கடைக்கு வரப்போகிற பழைய கணினிகள் கூடத்தான் செய்யும், அவற்றோடு "புதுசு வாங்கிடுங்க சார்" என்று சொல்லும் ஆசையும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். கடிதம் அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருப்பவரிடம் லினக்ஸ் மின்ட்டைக் காட்டிவிட்டாவது சொல்லுங்கள்.

இதெல்லாம் தெரியாமல் நீங்கள் ஃபார்மட் போடுவதாக நான் நினைக்கவில்லை. பலருக்கும் தெரியும். ஃபார்மட்டுக்கு ஊருக்கு ஊர் ஒரு ரேட் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. பயாஸில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்தால் "இதுக்கா காசு, பத்து நிமிஷ வேலைதானே" என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் முடித்ததற்காகக் குறைவாகவும், நாள் முழுக்கச் சிஸ்டத்தை வைத்திருந்து எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்ததற்காக நிறைவாகவும் கூலி தருகிற வாடிக்கையாளர் இருக்கும்வரை ஃபார்மட்தான் லாபம். கடை வாடகை கட்டுகிறவனுக்கு இது புரியும்.

அதனால் செக்கிங் சார்ஜ் வாங்குங்கள், கூசாமல். எவ்வளவு என்று கடை வாசலில் எழுதி மாட்டுங்கள், சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் பில்லை இரண்டு வரியாக எழுதுங்கள்: பேட்டரிக்கு ஒன்று, கோளாறைக் கண்டுபிடித்ததற்கு ஒன்று. அவர் பேரம் பேசினால் பேட்டரிக் காசைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன் ஒருவன்